கலிஃபோர்னியா நீதிமன்றங்களில் ஒப்பந்தப் பணி: டெண்டர் வருமுன் கவனிக்க வேண்டிய கூட்டங்கள்

கலிஃபோர்னியா மாநில நீதிமன்றங்களுக்கு லிஃப்ட் பழுது பார்க்க ஆள் வேண்டும். வழக்குக் கோப்புகளை ஸ்கேன் செய்ய வேண்டும், மென்பொருள் வேண்டும், ஊழியர்களுக்குப் பயிற்சி நடத்த வேண்டும், அலுவலகச் சுத்தம் செய்ய வேண்டும். இவற்றுக்கெல்லாம் வெளியாட்களோடு ஒப்பந்தம் போடுகிறார்கள். புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்கள் டெண்டர் அறிவிப்புப் பக்கத்தை மட்டும் தினமும் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அறிவிப்பு வந்த பிறகு கையில் இருப்பது சில வாரங்கள்தான். எதற்காக இந்த வேலை, பணம் எங்கிருந்து வருகிறது, எந்த நீதிமன்றத்தில் முதலில் தொடங்குவார்கள் என்பதெல்லாம் அதற்குப் பல மாதங்கள் முன்பே, யார் வேண்டுமானாலும் கேட்கக்கூடிய ஒரு கூட்டத்தில் பேசப்பட்டிருக்கும். ஆகவே இந்த வழிகாட்டியில் டெண்டரையும் கூட்டத்தையும் ஒன்றாகவே சொல்கிறோம்.

முதல் படி: யாரிடம் விற்கப் போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மாநிலத்தில் 58 கவுன்ட்டிகள். கவுன்ட்டிக்கு ஒரு சுப்பீரியர் கோர்ட், அதாவது விசாரணை நீதிமன்றம். மேலே ஆறு மேல்முறையீட்டு மாவட்டங்கள், அதற்கும் மேலே மாநில உச்ச நீதிமன்றம். இவை அனைத்துக்கும் கொள்கை வகுக்கும் அமைப்பு நீதித்துறை கவுன்சில். தலைமை நீதிபதி தலைமையில் வாக்குரிமை உள்ள 21 உறுப்பினர்கள்; அலுவலகம் சான் ஃபிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் அவென்யூ 455.

பெரும்பாலானவர்கள் இங்கேதான் வழி தவறுகிறார்கள். சுப்பீரியர் கோர்ட் கவுன்ட்டியின் பெயரில் இயங்குவதால் கவுன்ட்டியின் டெண்டர் பக்கத்தில் போய்த் தேடுவார்கள். 1997இல் வந்த சட்டம் விசாரணை நீதிமன்றங்களின் செலவை மாநிலத்தின் கணக்குக்கு மாற்றியது. 2002இல் வந்த இன்னொரு சட்டம் நீதிமன்றக் கட்டடங்களைக் கவுன்ட்டிகளிடமிருந்து மாநிலத்துக்கு மாற்ற வழி செய்தது. அந்தக் கைமாற்றம் 2009இல் முடிந்தது. எனவே கட்டடம், கூரை, குளிரூட்டி, லிஃப்ட் சம்பந்தப்பட்ட வேலை என்றால் பெரும்பாலும் கவுன்சிலின் டெண்டர் பக்கத்தைப் பாருங்கள். உள்ளே நடக்கும் அன்றாட வேலை, அதாவது ஸ்கேனிங், அச்சு, ஒரு குறிப்பிட்ட நீதிமன்றத்தின் மென்பொருள் என்றால் அந்தந்த சுப்பீரியர் கோர்ட்டின் இணையப் பக்கம். 58 நீதிமன்றங்களும் தனித்தனியாக வாங்கக்கூடியவை. லாஸ் ஏஞ்சலஸ் சுப்பீரியர் கோர்ட் அமெரிக்காவிலேயே மிகப் பெரிய விசாரணை நீதிமன்றம். ஆல்பைன் கவுன்ட்டியில் இரண்டே நீதிபதிகள். இரண்டுக்கும் ஒரே மாதிரிக் கடிதம் அனுப்பிப் பயனில்லை.

பழைய ஆவணங்களைப் புரட்டும்போது நீதிமன்ற நிர்வாக அலுவலகம் என்ற பெயர் வரும். 2014இல் அந்தப் பெயரைக் கைவிட்டார்கள்; அது கவுன்சிலின் ஊழியர் பிரிவேதான். வேறு அலுவலகம் என்று நினைத்துத் தேட வேண்டாம்.

இரண்டாம் படி: இங்கே செல்லும் விதிகள் வேறு

மாநிலத்தின் மற்றத் துறைகளுக்கு விற்றுப் பழகியவர்கள் அந்தப் பழக்கத்தோடே இங்கேயும் வருவார்கள். கலிஃபோர்னியாவின் பொது ஆவணச் சட்டமும் திறந்த கூட்டச் சட்டங்களும் நீதித்துறையைக் கட்டுப்படுத்தாது. அவற்றுக்குப் பதிலாக நீதிமன்ற விதித் தொகுப்பில் தனி விதிகள் உள்ளன. கூட்டங்களுக்கு விதி 10.6, 10.75, நிர்வாக ஆவணங்களைக் கேட்டுப் பெற விதி 10.500. இந்த மூன்று எண்களை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். வேறு சட்டத்தின் பெயரைப் போட்டு மனு எழுதினால் தேவையில்லாத கடிதப் போக்குவரத்தில் நாட்கள் போய்விடும்.

கொள்முதலுக்கு 2011இல் வந்த நீதித்துறை ஒப்பந்தச் சட்டமும் அதன்கீழ் கவுன்சில் வெளியிடும் ஒப்பந்தக் கையேடும் பொருந்தும். மாநிலம் முழுவதும் ஒரே வழக்கு மேலாண்மை மென்பொருள் என்று ஒரு பெரிய திட்டத்தை நீதித்துறை நடத்தி வந்தது. அதற்கு ஆகக்கூடிய மொத்தச் செலவு சுமார் 190 கோடி டாலர் என்று மாநிலத் தணிக்கையாளர் 2011 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தார். 2012 மார்ச் 27 அன்று கவுன்சில் அதை நிறுத்தியது. அந்தக் காலத்தில் பட்ட சூடு இன்றும் கையேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். பத்து லட்சம் டாலருக்கு மேல் மதிப்பிடப்படும் ஒப்பந்தம் போட்டால் பத்து வேலை நாளுக்குள் மாநிலத் தணிக்கையாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று ஆண்டுக்கு இரண்டு முறை சட்டமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும். கொள்முதல் அதிகாரி ஒரு கையெழுத்து குறைந்ததற்காக உங்கள் கோப்பை ஒதுக்கினால் அது பிடிவாதம் அல்ல. தணிக்கையில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்த அரையாண்டு அறிக்கை புதியவர்களுக்குப் பெரிய புதையல். எந்த நீதிமன்றம் எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு கொடுத்தது என்று பெயரோடு இருக்கும். உங்கள் தொழிலில் இருக்கும் நான்கைந்து நிறுவனங்களின் பெயரைத் தேடுங்கள். எங்கே வேலை நடக்கிறது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

புதுக் கட்டடம் கட்டுவது, வடிவமைப்பது போன்ற ஒப்பந்தங்கள் இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. கட்டடப் பராமரிப்பு உள்ளே வருகிறது.

மூன்றாம் படி: கூட்டங்களைப் பின்தொடருங்கள்

எல்லாக் கூட்டத்துக்கும் போக வேண்டியதில்லை, போகவும் முடியாது. கட்டட வேலை செய்பவர்களுக்கு இரண்டு குழுக்கள் போதும்: புதுக் கட்டடங்களைப் பார்க்கும் நீதிமன்றக் கட்டட ஆலோசனைக் குழு, பழுதையும் மாற்றங்களையும் பார்க்கும் கட்டட மாற்ற ஆலோசனைக் குழு. மென்பொருள்காரர்கள் தொழில்நுட்பக் குழுவையும் தகவல் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவையும் பாருங்கள். பணம் எங்கே போகிறது என்று அறிய வேண்டுமானால் விசாரணை நீதிமன்றப் பட்ஜெட் ஆலோசனைக் குழு.

விதி 10.75இன்படி ஆலோசனைக் குழுக் கூட்டத்தின் நாளையும் நிகழ்ச்சி நிரலையும் குறைந்தது ஐந்து வேலை நாள் முன்பு அறிவிக்க வேண்டும். கூட்டத்துக்கான ஆவணங்கள் மூன்று வேலை நாள் முன்பு. அவசரக் கூட்டம் என்றால் 24 மணி நேரம் போதும். முழுக் கவுன்சில் கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு. அது இணையத்தில் நேரலையாகவும் வரும். ஆகவே வாரத்துக்கு இரண்டு முறை கூட்ட நாட்காட்டியைப் பார்க்கும் வழக்கம் இருந்தால் பெரும்பாலான கூட்டங்கள் உங்கள் கண்ணில் பட்டுவிடும்.

நிகழ்ச்சி நிரல் ஒன்றை எடுத்துப் பாருங்கள். மேலே இந்தக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்ததா மூடியதா என்ற வரி. அடுத்து நாள், நேரம், பொதுமக்கள் கேட்பதற்கான தொலைபேசி எண் அல்லது இணைப்பு. பிறகு ரோமன் எண்ணிட்ட பகுதிகள்: வருகைப் பதிவு, முந்தைய கூட்டக் குறிப்புக்கு ஒப்புதல், பொதுமக்கள் கருத்து, விவாதித்து முடிவெடுக்கக்கூடிய பொருள்கள், தகவலுக்கு மட்டும் உரிய பொருள்கள். புதியவர்கள் முடிவெடுக்கும் பொருள்களைப் படித்துவிட்டு மூடிவிடுவார்கள். நாங்கள் கடைசிப் பகுதியைத்தான் முதலில் படிக்கச் சொல்வோம். இன்று தகவலாக வரும் விஷயம் அடுத்த சில கூட்டங்களில் முடிவெடுக்கும் பொருளாக வரும், பிறகு டெண்டராக வரும். பொருளோடு இணைத்த ஊழியர் குறிப்பில் தொகை, இடம், காரணம் எல்லாம் இருக்கும்.

கட்டட மாற்றக் குழுவின் பட்டியலில் ஒவ்வொரு வேலைக்கும் 1 முதல் 6 வரை முன்னுரிமை எண் இருக்கும். 1 என்றால் உடனே செய்தாக வேண்டியது. 2 தேவையானது, ஆனால் இன்னும் நெருக்கடி இல்லை. 5 என்பது ஆயுள் முடிந்தும் ஓடிக்கொண்டிருக்கும் சாதனம். 1 வந்த வேலை பெரும்பாலும் ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருக்கும் பராமரிப்பு நிறுவனத்தின் மூலமே நடக்கும். புதியவருக்கு அதில் இடம் குறைவு. 2ஆக இருந்துகொண்டு பணத்துக்காகக் காத்திருக்கும் வேலைகளைக் குறித்து வையுங்கள்.

கருத்து சொல்லவும் வழி உண்டு. நிகழ்ச்சி நிரலில் உள்ள பொருளைப் பற்றி எழுத்தில் அனுப்பினால் கூட்டத்துக்கு ஒரு முழு வேலை நாள் முன்பே போய்ச் சேர வேண்டும். திங்கள் காலை கூட்டம் என்றால் வெள்ளி மாலை அனுப்பியது கணக்கில் வராது, வியாழனே அனுப்பிவிடுங்கள். அந்த இடத்தில் உங்கள் நிறுவனத்தின் பெருமையைப் பேச வேண்டாம். உறுப்பினர்கள் அதை விற்பனையாகத்தான் கேட்பார்கள். தொழில் தெரிந்தவர் என்ற முறையில், திட்டத்தில் விடுபட்ட ஒன்றைச் சுருக்கமாக எழுதினால் மதிப்பு உண்டு: இந்தக் கால அட்டவணையில் பழைய கோப்புகளை இடம் மாற்றும் நாட்கள் சேரவில்லை என்பது போல.

ஒப்பந்தப் பேச்சுவார்த்தை, வழக்கு, பாதுகாப்பு, பணியாளர் விவகாரம் ஆகியவை மூடிய கூட்டத்தில் நடக்கலாம். சில நேரம் குழு கூடாமலேயே மின்னஞ்சலில் முடிவெடுக்கும். அதற்கும் முன்னறிவிப்பு நாட்காட்டியில் வரும். எளிதில் தவறவிடுவது இதைத்தான்.

நான்காம் படி: பண நாட்காட்டி

நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. கூடுதல் பணம் வேண்டும் என்ற கோரிக்கைகளைக் குழுக்கள் ஆண்டின் முதல் பாதியில் வடிகட்டுகின்றன. கோடையில் கவுன்சில் ஒப்புதல் தந்து இலையுதிர் காலத் தொடக்கத்தில் மாநில நிதித்துறைக்கு அனுப்புகிறது. ஜனவரி 10க்குள் ஆளுநரின் பட்ஜெட், மே நடுவில் திருத்தம், ஜூன் 15க்குள் சட்டமன்ற ஒப்புதல். ஒரு குழுவில் நீங்கள் பிப்ரவரியில் கேட்ட யோசனைக்குப் பணம் வருவது அடுத்த ஆண்டு ஜூலையில். ஏறத்தாழ 17 மாதம். இந்தக் கணக்கு தெரியாமல் யோசனையைக் கேட்ட மறுநாளே ஆள் எடுத்து நஷ்டப்பட வேண்டாம். ஜனவரி பட்ஜெட்டில் அந்தத் திட்டத்தின் பெயர் வந்த பிறகு தயாராகத் தொடங்கினால் சரியாக இருக்கும்.

ஐந்தாம் படி: காகிதங்களை முன்கூட்டியே சேருங்கள்

கார்ப்பரேஷனோ எல்எல்சியோ (வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்) ஆக இருந்தால் கலிஃபோர்னியாவில் தொழில் செய்யத் தகுதி பெற்று, நல்ல நிலையில் உள்ளது என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். ஆண்டு வரி கட்டாமல் விட்டு நிறுவனம் இடைநிறுத்தத்தில் இருப்பது டெண்டர் நாளன்றுதான் பலருக்குத் தெரிய வருகிறது. மாநிலச் செயலர் தளத்தில் உங்கள் பெயரைத் தேடி இன்றே பார்த்துவிடுங்கள்.

காப்பீடு அடுத்தது. பொதுப் பொறுப்புக் காப்பீடு ஒரு நிகழ்வுக்குப் பத்து லட்சம் டாலர் என்பது வழக்கமான அளவு. தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடும் வேண்டும். கட்டட வேலை என்றால் உரிய உரிமம், நிலவும் கூலி விதி (அந்தப் பகுதியில் அந்த வேலைக்கு மாநிலம் நிர்ணயித்த கூலிக்குக் குறையாமல் கொடுப்பது) இரண்டும் சேரும். பொதுப்பணி 1,000 டாலரைத் தாண்டினாலே நிலவும் கூலி கொடுக்க வேண்டும். விலை போடும்போது இதை மறந்தவர்கள் வேலை கிடைத்த பிறகு கையிலிருந்து கொடுக்கிறார்கள்.

உடல் ஊனமுற்ற முன்னாள் படைவீரர்களின் நிறுவனங்களுக்குச் சலுகை உண்டு. நிறுவனத்தில் குறைந்தது 51 சதவீதம் அவர்களுக்குச் சொந்தமாக இருந்து மாநிலப் பொதுச் சேவைத் துறை சான்று தந்திருக்க வேண்டும். உங்களிடம் அது இல்லாவிட்டால் அப்படி ஒரு நிறுவனத்தைத் துணை ஒப்பந்தக்காரராகச் சேர்க்க முடியுமா என்று இப்போதே பாருங்கள். கடைசி வாரத்தில் சேர்த்தால் அவர் செய்யும் வேலை என்ன என்ற கேள்விக்கு உருப்படியான பதில் இருக்காது. பெயருக்குச் சேர்த்தது படிவத்திலேயே தெரிந்துவிடும்.

சென்னையிலோ கோவையிலோ பின்னணிக் குழு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விற்பவரே தன் சர்வரில் ஹோஸ்ட் செய்து தரும் மென்பொருள் ஒப்பந்தங்களில், நீதிமன்றத் தரவு அமெரிக்காவுக்குள்ளேயே இருக்க வேண்டும், முன் அனுமதி இல்லாமல் வெளிநாட்டிலிருந்து அதைத் தொடக் கூடாது என்ற நிபந்தனை வழக்கமாக வரும். இந்தியாவில் ஆதரவுக் குழு என்ற கணக்கில் போட்ட விலை அங்கே நிற்காது.

ஆறாம் படி: ஆவணத் தொகுப்பைப் பிரித்துப் படியுங்கள்

10,000 டாலருக்குக் கீழான வாங்குதல்களைப் போட்டி இல்லாமல், விலை நியாயமாக இருந்தால் செய்ய அனுமதி உண்டு. புதியவருக்கு இதுதான் நல்ல வாசல்: ஒரு சிறிய நீதிமன்றத்தின் கொள்முதல் அலுவலரிடம் நேராக விலைப்புள்ளி கொடுக்கலாம். அதற்கு மேல் போனால் விலைப்புள்ளி கோரல், ஒப்பந்தப்புள்ளி அழைப்பு, முன்மொழிவு கோரல் என்று மூன்று வகை. ஒப்பந்தப்புள்ளியில் தகுதி உள்ளவர்களில் குறைந்த விலைக்காரருக்கே வேலை. முன்மொழிவில் மதிப்பெண் உண்டு. சேவை ஒப்பந்தங்களில் அதிகம் பார்ப்பது முன்மொழிவு கோரல்தான். இதை எல்லாரும் ஆர்எஃப்பி என்றே சொல்வார்கள்.

ஆர்எஃப்பியில் முதலில் பார்க்க வேண்டியது காலக்கெடு அட்டவணை. கேள்வி அனுப்பக் கடைசி நாள், பதில் வெளியாகும் நாள், முன்மொழிவு சேர வேண்டிய நாளும் மணியும், விலைப் பகுதியைப் பொதுவில் திறக்கும் நாள், ஒப்பந்தம் தர எண்ணியுள்ள அறிவிப்பு. மணி எப்போதும் பசிஃபிக் நேரம். விலை திறக்கும் நிகழ்வுக்குக் கட்டாயம் போங்கள், அல்லது இணைப்பில் கேளுங்கள். போட்டியாளர் யார், எந்த விலைக்கு வேலை போகிறது என்று உறுதியாகத் தெரியும் இடம் அது.

நாள் எண்ணும்போது ஆவணம் வேலை நாள் என்கிறதா, நீதிமன்ற நாள் என்கிறதா என்று பாருங்கள். நீதிமன்ற விடுமுறைகள் தனி. பிப்ரவரி 12 லிங்கன் பிறந்தநாளுக்கு மூடுவார்கள். அக்டோபரில் இருந்த கொலம்பஸ் நாள் போய், செப்டம்பர் நான்காம் வெள்ளி பூர்வகுடியினர் நாளாக வந்துவிட்டது.

பிறகு இணைப்புகள். டெண்டர் நிர்வாக விதிகள், நிலையான ஒப்பந்த நிபந்தனைகள், நிபந்தனைகளை ஏற்கும் படிவம், பொது உறுதிமொழி, சிறு தொழில் அறிவிப்பு, பணம் பெறுவோர் விவரப் படிவம். ஒரு லட்சம் டாலரும் அதற்கு மேலும் என்றால் குடிமை உரிமைச் சட்ட உறுதிமொழி. பத்து லட்சமும் அதற்கு மேலும் என்றால் ஈரான் ஒப்பந்தச் சட்ட உறுதிமொழி. ஒவ்வொன்றிலும் கையெழுத்து இடும் கோட்டை மஞ்சளில் குறித்துக்கொண்டு கடைசி நாளுக்கு முந்தைய நாள் எண்ணிப் பாருங்கள்.

நிபந்தனை ஏற்புப் படிவத்தில் பலர் சறுக்குகிறார்கள். ஒன்று, மாற்றம் இல்லாமல் ஏற்கிறேன் என்ற கட்டத்தில் குறியிடலாம். அல்லது, ஒப்பந்த நகலிலேயே திருத்தங்களைச் சிவப்பில் காட்டி, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும். உங்கள் வழக்கறிஞர் எழுதிய பொதுவான ஆட்சேபக் கடிதத்தை மட்டும் செருகினால் பயன் இல்லை. முக்கிய நிபந்தனையில் கைவைத்தால் முன்மொழிவே தள்ளுபடி ஆகலாம்.

கேள்விகளை ஆவணத்தில் சொன்ன மின்னஞ்சலுக்கு மட்டும் அனுப்புங்கள். தெரிந்த ஊழியருக்குத் தொலைபேசியில் பேசினால் தகுதி நீக்கம் வரை போகும். கேள்வியும் பதிலும் எல்லாருக்கும் வெளியாகும் என்பதால் உங்கள் உத்தியைக் காட்டிக்கொடுக்கும் கேள்வியைக் கேட்காதீர்கள்.

ஏழாம் படி: மதிப்பெண்ணைப் பார்த்து எழுதுங்கள்

மொத்தம் 100. வேலைத் திட்டத்தின் தரம், ஒத்த வேலையில் அனுபவம், ஊழியர் தகுதி, விலை, நிபந்தனைகளை ஏற்பது, காலத்தில் முடிக்கும் திறன் என்று பிரித்து அச்சிட்டிருப்பார்கள். படைவீரர் சலுகைக்குப் பெரும்பாலும் 3. விலைக்கு 30 மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். குறைந்த விலை 2,00,000 டாலர், உங்கள் விலை 2,50,000. வழக்கமான கணக்கின்படி 2,00,000ஐ 2,50,000ஆல் வகுத்து 30ஆல் பெருக்கினால் 24. ஆக 50,000 டாலர் கூடுதலாகக் கேட்டதால் இழந்தது 6 மதிப்பெண். அந்த ஆறை வேலைத் திட்டத்தில் எடுக்க முடியுமா என்பதே கேள்வி. முடியும் என்றால் விலையை வெட்டித் தரத்தைக் குறைக்காதீர்கள். நிபந்தனைகளை அப்படியே ஏற்பதற்கும் மதிப்பெண் உண்டு என்பதைச் சேர்த்துப் பாருங்கள். சில நேரம் ஒரு சின்ன ஆட்சேபத்தின் விலை பல ஆயிரம் டாலர்.

தொழில்நுட்பக் கோப்பும் விலைக் கோப்பும் தனித்தனி. தொழில்நுட்பக் கோப்பில் எங்கோ ஒரு மூலையில், மணிக்கு இத்தனை டாலர் என்று ஒரு வரி இருந்துவிட்டால் முழு முன்மொழிவும் போகலாம். அனுப்பும் முன் டாலர் குறியைத் தேடிப் பாருங்கள்.

ஆவணம் முழுவதும் ரகசியம் என்று முத்திரை குத்துவதாலும் காப்பு இல்லை. ஒப்பந்தம் முடிவான பிறகு யார் கேட்டாலும் கொடுக்க வேண்டி வரலாம். உண்மையான தொழில் ரகசியம் இருந்தால் அந்தப் பத்தியை மட்டும் குறியுங்கள்.

எட்டாம் படி: கிடைக்காவிட்டாலும் வேலை முடியவில்லை

ஆவணத்திலேயே குறை இருக்கிறது, ஒரு நிறுவனத்துக்கு ஏற்ப எழுதியிருக்கிறார்கள் என்றால் முன்மொழிவுக் கடைசி நேரத்துக்கு முன்பே எழுத்தில் எதிர்ப்புத் தர வேண்டும். தோற்ற பிறகு அதைச் சொன்னால் கேட்க மாட்டார்கள். முடிவை எதிர்ப்பதற்கு எண்ணிச் சில நாட்களே தருவார்கள். அறிவிப்பு வந்த அன்றே ஆவணத்தைத் திறந்து நாளை எண்ணுங்கள்.

எதிர்ப்பதை விடப் பெரும்பாலும் பயன் தருவது விதி 10.500. வென்றவரின் முன்மொழிவு, மதிப்பெண் தாள், ஒப்பந்தம் ஆகியவற்றைக் கேட்டு மனு அனுப்புங்கள். பத்து நாளுக்குள் தருவோமா மாட்டோமா என்று சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் மேலும் 14 நாள் நீட்டிக்கலாம். எந்த ஆர்எஃப்பி எண், என்னென்ன ஆவணம் என்று துல்லியமாக எழுதுங்கள். வென்றவரின் வேலைத் திட்டத்தை உங்களுடையதன் பக்கத்தில் வைத்துப் படித்தால் எந்த மதிப்பெண் எங்கே போனது என்று தெரியும்.

கிடைத்தது முதன்மை ஒப்பந்தமாக இருந்தால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கவுன்சில் போடும் அத்தகைய ஒப்பந்தத்தைச் சுப்பீரியர் கோர்ட்டுகள் ஒவ்வொன்றும் தனி இணைப்பு ஒப்பந்தம் போட்டுப் பயன்படுத்தலாம். பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று இல்லை, இத்தனை வேலை என்ற உறுதியும் இல்லை. நீதிமன்றம் நீதிமன்றமாகப் போய் நீங்கள்தான் தெரியப்படுத்த வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு

தமிழ் தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்பதால் இதையும் சேர்க்கிறோம். நீதிமன்ற வாய்மொழி பெயர்ப்பு மேலே சொன்ன டெண்டர் வழியில் வருவதில்லை. கலிஃபோர்னியாவின் சான்றிதழ் மொழிகளில் (முழு மொழிபெயர்ப்புத் தேர்வு உள்ள மொழிகள்) பஞ்சாபி உண்டு, தமிழ் இல்லை. தமிழ் பதிவு மொழிகளில் வரும்: ஆங்கிலத்தில் எழுத்துத் தேர்வு, பிறகு ஆங்கிலத்திலும் தமிழிலும் பேச்சுத் திறன் தேர்வு, அதன்பின் கவுன்சிலில் பதிவு. பதிவான பிறகு உங்கள் பகுதி நீதிமன்றத்தின் மொழிபெயர்ப்பாளர் ஒருங்கிணைப்பாளரிடம் பெயர் கொடுத்து வையுங்கள். தமிழுக்குத் தேவை எப்போதாவதுதான் வரும். வரும்போது அந்தத் தாய்க்கோ சாட்சிக்கோ நீதிபதி சொல்வது முழுதாகப் புரிய வேண்டும். தேர்வுக்குச் சட்டச் சொற்களை இரு மொழியிலும் நன்றாகப் படித்துவிட்டுப் போங்கள். ஜாமீன், பிணை, உறுதிமொழி, குறுக்கு விசாரணை போன்றவற்றுக்குத் தடுமாறாமல் சொல் வர வேண்டும்.